பட்டினி போட்டு வளர்த்த மஞ்சள் பட்டர்வர்ட்

ஃபுளோரிடாவில் டலஹாசிக்குக் குடிவந்த புதிதில், ஒரு மார்ச் மாதம் அபலாச்சிகோலா தேசிய வனத்தில், பூச்சி தின்னும் இந்த மஞ்சள் பட்டர்வர்ட் செடியை முதன்முதலாகப் பார்த்தேன். நீளிலைப் பைன் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன, நடுவில் புல்லும் சொதசொதவென்று ஈர மணலும். அடிமரமெல்லாம் கரி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வனத்துறையே அளவாகத் தீ வைக்கிறது, இல்லாவிட்டால் புதர் மண்டித் தரைச் செடிகளுக்கு வெயிலே கிடைக்காது. அந்தக் கரிக்கு நடுவே, ஒரு சாண் காம்பின் நுனியில் ஒற்றை மஞ்சள் பூ. கீழே வெளிர்பச்சை இலைகள் மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. தொட்டால் விரலில் பிசுக்கு. இதன் தாவரவியல் பெயர் பிங்குயிகுலா லூட்டியா. பிங்குயிஸ் என்றால் லத்தீனில் கொழுப்பு.

காட்டிலிருந்து அனுமதியில்லாமல் எடுப்பது சட்டவிரோதம். அதனால் இதை வீட்டில் வளர்க்கும் ஒருவரிடம் விதை வாங்கினேன். தூசி மாதிரி விதை. மண் மேலேயே தூவ வேண்டும், மூடக்கூடாது.

முதல் தட்டு இரண்டே வாரத்தில் போனது. மண்ணுக்குப் பதில் வாங்கிய பீட் (மக்கிய பாசி) பையின் பின்பக்கம் ‘உரம் கலந்தது’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததை நான் படிக்கவில்லை. மேலே பச்சைப் பாசி கம்பளமாகப் படர்ந்து, முளையெல்லாம் அதற்கடியில் மறைந்துவிட்டது.

இரண்டாவது தட்டில் உரமில்லாத பீட்டும் சிலிக்கா மணலும் பாதிக்குப் பாதி. எள்ளளவு முளைகள் நன்றாகவே வந்தன. அக்டோபரில் மழை நின்று, மழைநீர் பிடித்து வைத்த வாளி காலியானதும், மூன்று வாரம் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். இங்கே நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருகிறது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை அப்புறம்தான் வாங்கினேன்: குழாயில் 190, மழைநீரில் 8. அதற்குள் நடுக்குருத்து கறுத்துவிட்டது.

ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த விதையை அடுத்த மார்ச்சில் தூவினேன். மழைநீர் மட்டும்தான், தீர்ந்தால் கடை டிஸ்டில்டு வாட்டர். அடித்தட்டில் எப்போதும் ஒரு விரற்கடை தண்ணீர். முளைத்தவை 20. ஜூலை வெயிலில் தட்டுத் தண்ணீர் வெந்நீராகி ஒன்பது போயின. மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடத்துக்கு மாற்றியதில் பாக்கி பிழைத்தன.

சாப்பாட்டு விஷயத்திலும் கை சும்மா இருக்கவில்லை. இலையில் இரண்டு வகைச் சுரப்பி: காம்புள்ளது பசையால் பூச்சியைப் பிடிக்கிறது, இலையோடு படிந்திருப்பது செரிக்க வைக்கிறது. சரி, நாமே ஊட்டுவோம் என்று மீன் தீனியைப் பொடித்துத் தூவினேன். மறுநாளே பூஞ்சை. அந்த இலைகளைக் கிள்ளிப் போட்டேன், ஊட்டுவதையும் விட்டுவிட்டேன். தொட்டி மண்ணில் திரியும் பொடிப் பூச்சிகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றன, இலை விளிம்பும் மெல்லச் சுருண்டு கொடுக்கிறது. “உரமும் கிடையாது, நல்ல தண்ணியும் கிடையாது, பட்டினி போட்டா வளர்க்கிறே?” என்று அம்மா போனில் கேட்டார். ஊரில் அழுகண்ணியைக் காட்டித் தந்தவரே அவர்தான். அதுவும் பூச்சி தின்னிதான் அம்மா என்றேன், நம்பவில்லை.

குளிர்காலத்தில் இது மொட்டாகச் சுருங்கி உறங்குவதில்லை, இலையோடேயே இருக்கிறது. உறைபனி விழுந்த இரவுகளில் மட்டும் தட்டைக் கராஜுக்குள் வைத்தேன்.

விதைத்து இப்போது 23 மாதம். போன வாரம் இரண்டு செடிகளின் நடுவிலிருந்து, தலை கவிழ்ந்த காம்புகள் கிளம்பியிருக்கின்றன. பூவுக்குள் இரண்டே மகரந்தத் தாள்கள், அவற்றை மறைத்தபடி, மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியின் ஒரு மடல் தொங்கும். பல்குத்தும் குச்சியால் ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றதன் மடலில் தடவிப் பார்க்கப் போகிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் விரிய வேண்டும். ஒன்று இன்றைக்கு நிறம் காட்டிவிட்டது, மற்றது இன்னும் கட்டைவிரல் உயரம்தான்.