மைனஸ் 1/12 விவகாரம்

காரைக்குடியில மேத்ஸ் டியூஷன் எடுத்தா இந்தக் கேள்வி வராம இருக்காது. "சார், 1+2+3+4னு கூட்டிக்கிட்டே போனா மைனஸ் 1/12 வருமாமே, ராமானுஜனே சொல்லியிருக்காராமே"ன்னு வீடியோ பாத்துட்டு வந்து நிப்பானுங்க. சாதாரணமா கூட்டினா வராதுடா தம்பி, ஏறிக்கிட்டே தான் போகும். ஆனா 1913ல இங்கிலாந்து கணித மேதை ஹார்டிக்கு ராமானுஜன் லெட்டர் போட்டப்போ அவரு இத எழுதினது நெசம், அதுவும் 'என் தியரிப்படி'ன்னு சொல்லித்தான் எழுதினாரு, இதக் கேட்டா பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவீங்கன்னு அவரே சேத்தும் எழுதினாரு. வீடியோக்காரங்க அந்த 'என் தியரிப்படி'ய மட்டும் விட்டுர்றாங்க.

முதல்ல ஈஸியானது, 1−1+1−1... இது இன்னைக்கு ஒரு ரூபா வரவு நாளைக்கு ஒரு ரூபா பற்றுன்னு ஓடுற கணக்கு மாதிரி, இருப்பு 1, 0, 1, 0ன்னு ஆடிக்கிட்டே இருக்கும், ஆனா சராசரி இருப்பு எவ்வளவுன்னு நம்ம ஊர்ல எந்த கணக்கப்பிள்ளையக் கேட்டாலும் ஐம்பது பைசான்னு சொல்லிருவாரு. 1890ல செசாரோங்கிற இத்தாலி கணித மேதை சொன்னதும் இதே தான். ஒழுங்கா ஒரு எண்ணுக்குப் போற தொடருக்கு இந்த சராசரி வழியும் அதே விடையத்தான் குடுக்கும், அதனால தான் இத நம்பலாம். 1−2+3−4க்கு ஒரு தடவ சராசரி பத்தாது, சராசரிக்கும் சராசரி எடுத்தா 1/4 வந்துரும்.

1+2+3 மட்டும் இதுல எதுக்கும் மசியாது. முன்னாடி ஒரு 0 போட்டா தொகை மாறாது, ஒண்ணுக்கு நேரா ஒண்ணக் கழிக்கலாம், இந்த ரெண்டு சலுகையும் குடுத்துப் பாருங்க. 1+2+3+...ல இருந்து 0+1+2+...ஐக் கழிச்சா 1+1+1+..., ரெண்டும் ஒரே தொகைங்கிறதால அது = 0. அதையும் அதே மாதிரி 0 போட்டுத் தள்ளிக் கழிச்சா 1 = 0ன்னு வந்து நிக்கும், சோலி முடிஞ்சுது! அதனால மைனஸ் 1/12 வேணும்னா இந்த சலுகைய விட்டுட்டு ஸீட்டா ஃபங்ஷன் (கூட்டினா விடை வராத எடத்துக்கும் ஒரு தொடரோட மதிப்ப நீட்டிச்சுச் சொல்ற சார்பு) மாதிரி வேற ரூட்ல தான் போகணும்.

இதுல நம்ம ஊரு சம்பந்தமும் இருக்கு, பசங்க யாருக்கும் தெரியல. 1950 வாக்குல ராமானுஜன் பேர்ல மெட்ராஸ்ல கணித ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சது நம்ம கோட்டையூர் அழகப்பச் செட்டியார் தான். முதல் டைரக்டர் விஜயராகவன், ஆக்ஸ்ஃபோர்டுல ஹார்டிகிட்டயே படிச்சவரு, அவரு வேல செஞ்சதும் இதோட மறுபக்கத்துல, அதாவது சராசரி மாதிரி ஒரு வழியில விடை கெடச்சா எப்போ சாதாரணமா கூட்டினாலும் அதே விடை வரும்ங்கிற டௌபர் (Tauber)ங்கிற கணிதக்காரர் பேர்ல இருக்குற தேற்றங்கள்ல. அவருக்கு அப்புறம் வந்த சி.டி.ராஜகோபாலும் இதே ஏரியா தான்.