தில்லையில் முயலகனையும் பாருங்கள்

சிதம்பரம் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நடராஜர் முகத்தைப் பார்ப்பார்கள், தூக்கிய திருவடியைப் பார்ப்பார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஊன்றிய வலக்காலின் அடியில் ஒருவன் கிடக்கிறானே, அவனைத் தேடுகிறவர்கள் குறைவு. பட்டும் பூவும் நிறையச் சார்த்திய நாளில் தேடினாலும் கிடைக்க மாட்டான். அவன்தான் முயலகன், அறியாமையின் உருவம்.

அவன் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. தாருகாவனத்து முனிவர்கள் படிக்காதவர்கள் அல்லர். வேதம் கரைகண்டவர்கள், வேள்வியில் ஒரு பிசகும் விடாதவர்கள். வினையைச் சரியாகச் செய்தால் பலன் தானே வரும், நடுவில் இறைவன் எதற்கு என்பது அவர்கள் கட்சி. பிச்சாடனராக வந்த சிவன் மேல் அவர்கள் ஏவியவற்றில் புலி வந்தது, பாம்பு வந்தது, கடைசியில் முயலகனும் வந்தான். வந்த இடம், மந்திரம் பிழையில்லாமல் ஓதி வளர்த்த அதே ஓமகுண்டம். அஞ்ஞானம் என்றதும் எழுத்தறியாத ஏழையை நினைக்கிற வழக்கத்தைப் புராணம் இங்கேயே உடைத்துவிடுகிறது.

இன்னொன்று, இறைவன் அவனைக் கொல்லவில்லை. புலித்தோலை உரித்தவருக்கு இவனை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? சைவ சித்தாந்தம் இதற்குச் சொல்லும் விடை நுட்பமானது. அறியாமைக்கு வேரான ஆணவ மலம், அதாவது உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கு, இடையில் வந்து ஒட்டியது அல்ல. செம்புக்குக் களிம்பு போல, நெல்லுக்கு உமி போல உயிரோடு அநாதியாகவே இருப்பது. அதன் வலிமை அடங்குமே தவிர அது அழியாது. அதனால்தான் முயலகன் கண்ணை விழித்துக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டே கிடக்கிறான். காலை எடுத்தால் எழுந்துவிடுவான். புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடம் நாலு நாள் போனால் மறுபடி கறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சந்நிதியில் நிற்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். இறைவனின் ஐந்தொழிலையும் பார்க்க ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். வலக்கையில் உடுக்கை படைத்தல், அபயக்கை காத்தல், இடக்கையில் தீ அழித்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய கால் அருளல். யானைத் துதிக்கை போல வீசிய இன்னோர் இடக்கை அந்தத் தூக்கிய திருவடியைத்தான் சுட்டுகிறது. பலர் தடுமாறுவது மறைத்தலில். முயலகனை மிதிக்கும் கால் அறிவைக் கொடுக்கும் கால் ஆயிற்றே, அது எப்படி மறைக்கும்? மலம் பழுக்கும்வரை உண்மையை உயிருக்குக் காட்டாமல் வைத்திருப்பதும் இறைவன் வேலையே என்கிறார்கள். பழுக்காத கட்டியை யாரும் கீற மாட்டார்கள்.

கோயில் காலை ஆறு மணிவாக்கில் திறந்து நண்பகல் 12 மணியளவில் சார்த்தப்படும். மாலை ஐந்துக்கு மேல் மறுபடி நடை திறந்து இரவு 10 மணிவரை. வெளியூரிலிருந்து கிளம்பிப் பதினொன்றரைக்கு வந்து இறங்குவதுதான் வழக்கமான தவறு. பத்து மணிக்கு முன்னாலேயே உள்ளே இருந்தால் இரண்டாம் காலப் பூசையில் ரத்தினசபாபதி அபிஷேகம் கிடைக்கும். மாணிக்கத்தாலான அந்தச் சிறிய நடராஜருக்கு முன்புறம் ஒரு முறை, பின்புறம் ஒரு முறை தீபம் காட்டுவார்கள். பின்னால் வெளிச்சம் வரும்போதுதான் கல் செவ்வொளியாகத் தெரியும். முன் ஆரத்தி முடிந்ததும் கும்பிட்டுத் தலையைக் குனிந்துவிட்டால் அதைத் தவறவிடுவீர்கள். சந்நிதிக்கு முன்னாலுள்ள கனகசபையில் ஏறும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், செல்போனைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். நடராஜர் நிற்கும் சிற்சபைக்குப் போகும் ஐந்து படிகள் ஐந்தெழுத்து. கூரையில் வேய்ந்த 21,600 பொன்னோடுகள் ஒரு நாளின் மூச்சு என்றும், அடித்த 72,000 ஆணிகள் உடம்பின் நாடிகள் என்றும் மரபு.

அடுத்தது சிதம்பர ரகசியம். நடராஜரின் வலப்பக்கம் திரை தொங்கும். வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு. கறுப்பு அறியாமை, சிவப்பு அறிவு. திரையை விலக்கி ஆரத்தி காட்டும்போது வெறும் வெளியும் பொன் வில்வ மாலைகளும் மட்டும் தெரியும். "இவ்வளவுதானா?" என்று முகம் சுளிப்பவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். எட்டிப் பார்ப்பதற்கு முட்டி மோதுகிறவர்களையும் பார்க்கலாம். பார்க்க வேண்டிய பொருள் அங்கே உருவமாக இல்லை, ஆகாயமாக இருக்கிறது. மாலை தொங்குவதே அங்கே ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அடையாளம். தனிக் கட்டணம் கட்டினால் கூடுதலாக ஏதோ தெரியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நேரம் இருந்தால் ஊரை ஒட்டிய கொற்றவன்குடிக்கும் போய் வாருங்கள். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் இருந்த இடம். அவர் தில்லைவாழ் அந்தணர், பெரும் படிப்பாளி. பட்டப்பகலில் தீவட்டி முன்னே போக, விருதுகளோடு பல்லக்கில் வந்தவரைப் பார்த்து, பின்னாளில் அவருக்குக் குருவான மறைஞான சம்பந்தர், "பட்ட கட்டையில் பகற்குருடு போகிறது" என்றாராம். பட்ட கட்டை பல்லக்கு, பகற்குருடு உள்ளே இருந்தவர். உமாபதி சிவம் கோபப்படவில்லை. இறங்கி அவர் பின்னாலேயே போய்விட்டார். நெசவாளர்கள் ஊற்றிய பாவுக்கஞ்சி, அதாவது நூலுக்குப் போடும் கஞ்சி, குருவின் கையிலிருந்து ஒழுக, அதையே பிரசாதமாகக் குடித்தார். ஊர் அவரை ஒதுக்கியது. பிறகு கோயில் கொடி ஏறாமல் நின்றபோது அவர் பாடி ஏற்றினார் என்பது வரலாறு. அந்தக் கொடிக்கவி நாலே பாட்டு. முதல் பாட்டின் கருத்து, ஒளிக்கும் இருளுக்கும் இடம் ஒன்றே, ஒன்று மேலிட்டால் மற்றது ஒளிந்துகொள்ளும் என்பது. முயலகனைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும்.

அவனை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் அபிஷேக நாளில் வர வேண்டும். மூலவருக்கு ஆண்டில் ஆறே முறை: சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை, ஆவணி, புரட்டாசி, மாசி வளர்பிறைச் சதுர்த்தசிகள். ஆனியும் மார்கழியும் ஆயிரங்கால் மண்டபத்தில் விடியலில் நடக்கும், கூட்டம் தாங்காது. மற்றவை கனகசபையில், நெரிசல் குறைவு. அன்று பட்டும் மாலையும் களைந்திருக்கும். சடையில் ஊற்றுகிற பால் தோளிலும் இடையிலும் இறங்கி, ஊன்றிய காலின் வழியே கடைசியில் முயலகன் மேல்தான் விழும்.