தோள்மேல் திரும்பிப் பார்க்கும் பெண்

2023ஆம் ஆண்டு பிப்ரவரியில், பினாங்குப் பாலத்தை நோக்கிச் செல்லும் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, கழுத்தெலும்பில் மெல்லிய விரிசல் கண்டு, ஏழு வாரங்கள் கழுத்துப் பட்டையோடு வாழ்ந்தேன். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க முடியாமல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. யாராவது பின்னாலிருந்து அழைத்தால் முழு உடம்பையும் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். தைப்பூசம் முடிந்து இரண்டு வாரமே ஆகியிருந்ததால், “மாமா ரதம் மாதிரி திரும்புறாரு” என்று என் தங்கை மகன் சொன்னான். வீடே சிரித்தது; நானும் சிரிக்க முயன்றேன், கழுத்து வலித்தது.

அந்த வாரங்களில் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நின்ற ஒரு பெயர் சிவசங்கரி சுப்பிரமணியம். எங்கள் பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே கொஞ்ச நேரம் கார் ஓட்டினால் வந்துவிடும் சுங்கை பட்டாணியில் 1999இல் பிறந்த மலேசியச் சுவர்ப்பந்து (ஸ்குவாஷ்) வீராங்கனை அவர். ஐம்பதைக் கடந்த ஒருவன் தன் மகள் வயதுடைய பெண்ணைத் தன் நாயகி என்று சொல்வது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். நம் வழக்கில் நாயகர்கள் பெரும்பாலும் நம்மைவிட மூத்தவர்களாகவே இருக்கிறார்கள்.

அவரை முதன்முதலாக நான் கவனித்துப் பார்த்தது 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் மகளிர் ஒற்றையர் இறுதியாட்டத்தில். எதிரே நின்றவர் நிக்கோல் டேவிட். எட்டு முறை உலக வெற்றியாளர். 2006 முதல் 2015 வரை 108 மாதங்கள் இடைவிடாமல் உலகத் தரவரிசையின் முதலிடத்தை விட்டுக்கொடுக்காதவர். அனைத்துக்கும் மேலாக எங்கள் பினாங்குப் பெண். 35 வயதை எட்டிவிட்ட அவருக்கு எதிராக 19 வயதுச் சிவசங்கரி ஆடினார். நாசி கண்டார் சோற்றுக்கடையொன்றில் தொலைக்காட்சியின்முன் கூடியிருந்த எங்களுக்கு யாருக்குக் கைதட்டுவதென்றே விளங்கவில்லை. இளையவர் இரண்டுக்கு ஒன்று என்ற ஆட்டக்கணக்கில் முன்னிலை பெற்றபோது, அதுவரை நிக்கோலுக்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த மேசையொன்று தயக்கத்தோடு அமைதியானது. பிறகு நிக்கோல் கடைசி இரண்டு ஆட்டங்களையும் வென்று தங்கத்தை எடுத்துக்கொண்டார். எட்டிப் பறிக்கும் தூரத்தில் இருந்ததை இழந்த ஒரு பத்தொன்பது வயதுப் பெண் அதன்பின் என்ன ஆவாள் என்ற கேள்வியோடுதான் அன்று தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.

அவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திற்குப் படிக்கப் போனார், படித்துக்கொண்டே ஆடினார். 2022இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்கான மலேசிய அணியில் அவர் பெயர் இருந்தது. அப்போட்டி தொடங்க ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கையில், ஜூன் மாத இறுதியில், கோலாலம்பூரின் மாஜூ விரைவுச்சாலையில் நடந்த கார் விபத்தில் அவருடைய முகத்திலும் கழுத்தெலும்பிலும் முறிவுகள் ஏற்பட்டன. செய்தியைப் படித்த அன்று, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போனவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டு மாதங்களுக்குப் பிறகு என் கழுத்தில் பட்டை ஏறியபோதுதான் அந்தச் செய்தியின் கனம் எனக்கு உறைத்தது.

கழுத்து முறிவு யாருக்கும் கொடுமைதான் என்றாலும், சுவர்ப்பந்து ஆடுகிறவருக்கு அது வேறு வகையான கொடுமை. டென்னிசில் எதிராளி வலைக்கு அப்பால், கண்ணெதிரே நிற்கிறார். சுவர்ப்பந்திலோ இருவரும் 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் கொண்ட ஒரே அறைக்குள், ஒரே முன்சுவரைப் பார்த்து ஆடுகிறார்கள். நல்ல ஆட்டக்காரர் தரையில் கோடுகள் சந்திக்கும் நடுவிடத்தைக் கைப்பற்றிக்கொண்டு எதிராளியைப் பின்மூலைக்குத் துரத்துவார். ஆனால் பின்மூலையில் அந்த எதிராளி மட்டையை எப்படி ஓங்குகிறார், பந்தை எந்தப் பக்கம் திருப்பப் போகிறார் என்பதை அறிய, உடல் முன்னோக்கி நிற்க, கழுத்தை மட்டும் தோளுக்குமேல் திருப்பிப் பார்த்தாக வேண்டும். ஓர் ஆட்டத்தில் இது எத்தனை நூறு முறை நடக்கிறது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. திரும்பிப் பார்க்கப் பயப்படுகிறவர் நடுவிடத்தில் நின்றும் பயனில்லை. பந்து அவரைக் கடந்து போன பிறகுதான் ஓடத் தொடங்குவார்.

எனக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் ஓர் இளம்பெண். முதல் நாள் என்னால் வலப்புறம் திரும்ப முடிந்தது ஒரு கையகல அளவுதான். “அங்கிள், எலும்பு ஒட்டிடுச்சு, நீங்கதான் ஒட்டல” என்று அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. எக்ஸ்ரே சரியாகிவிட்டது, ஆனால் கண்ணை வலப்புறம் ஓட்டிவிட்டுக் கழுத்தை நேராகவே வைத்துக்கொள்ளும் தந்திரத்தை என் உடம்பு தானாகவே கற்றுக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு நான்கு வேளை, கண்ணாடி முன் அமர்ந்து, முகவாயைத் தோளை நோக்கிக் கொண்டுபோய் ஐந்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். வீரமாக ஒன்றும் இல்லை அதில். அலுப்பு மட்டுமே உண்டு, கூடவே, மறுபடியும் ஏதோ முறிந்துவிடும் என்ற வெளியில் சொல்ல வெட்கமான அச்சமும்.

அதனால்தான், சிவசங்கரி மீண்டு வந்ததைச் சிலர் அதிசயம் என்றும் தெய்வச் செயல் என்றும் எழுதியபோது எனக்குச் சற்றே எரிச்சல் வந்தது. என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார், அம்மாவோடு வாதாடவில்லை. ஆனால் அதிசயம் என்று சொல்லிவிட்டால், அந்தப் பெண் எந்த அறையிலோ, யாரும் பார்க்காத நேரத்தில், கழுத்தை ஒரு விரற்கடை கூடுதலாகத் திருப்புவதற்குச் செலவிட்ட மாதங்கள் கணக்கில் வராமல் போய்விடுகின்றன. விபத்து நடந்த அதே ஆண்டு முடிவதற்குள் அவர் மறுபடியும் போட்டிகளில் ஆடத் தொடங்கிவிட்டார். ஏழு வாரப் பட்டைக்குப் பிறகு பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டவே நான் ஐந்து மாதம் தயங்கினேன். அதுவும் யாரும் மட்டையை ஓங்கிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நிற்காதபோது.

2023 அக்டோபரில் ஹாங்சோவ் ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஹாங்காங்கின் சான் சின் யுக்கை வென்று, ஐந்தாண்டுகளுக்குமுன் கைநழுவிய ஒற்றையர் தங்கத்தைச் சிவசங்கரி பெற்றார். ஆண்கள் ஒற்றையர் தங்கமும் எங் இயன் யாவ் வழியாக மலேசியாவுக்கே வந்தது. 2024இல் லண்டனில், எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியோடு ஐந்து ஆட்டங்கள்வரை போராடி இன்னொரு பட்டத்தையும் வென்றார். அந்த விளையாட்டை எகிப்தியப் பெண்கள் ஏறத்தாழ முழுமையாகத் தங்கள் பிடியில் வைத்திருக்கும் காலம் இது என்பதால், விவரம் தெரிந்தவர்கள் அந்த இரண்டாவது வெற்றியையே பெரிதாகச் சொல்வார்கள். அது நியாயமான கருத்துதான். எனக்கு மட்டும் ஹாங்சோவ்தான் நெருக்கம்.

அந்த இறுதியாட்டத்தை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின், முடிவு தெரிந்த நிலையிலேயே, பதிவில் பார்த்தேன். பாதியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்த மைத்துனர், இந்த ஆட்டத்தில் என்ன புள்ளி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பந்து பின்மூலைக்குப் போகும்போதெல்லாம் நான் சிவசங்கரியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒவ்வொரு முறையும், முழுதாக, தோள்வரை திரும்பியது.