காற்புள்ளியா, அரைப்புள்ளியா

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வு முடிந்து வெளியே வரும் பிள்ளைகள் கணக்குப் பகுதியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒருவனுக்கு 12, இன்னொருவனுக்கு 14 என்றால் மறுபடி போட்டுப் பார்த்தால் விஷயம் முடிந்துவிடும். ஆங்கில இலக்கணம் அப்படி முடிவதில்லை. "நீ என்ன போட்டாய்?" "பி." "நானும் பிதான்." இதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் மூன்றாமவளின் முகம் வாடிவிடும். அவள் சி போட்டிருப்பாள். இரண்டுக்கு ஒன்று என்று ஓட்டு விழுந்துவிட்டது, அவள் தோற்றுவிட்டாள். இந்தப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுப்பவள் நான். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை, ஏனென்றால் பல நேரம் அவள் போட்டதுதான் சரி.

தேர்வில் வந்த கேள்வியை அப்படியே வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. நானும் கேட்பதில்லை. கீழே வருபவை என் பாடக் குறிப்பேட்டு வாக்கியங்கள்.

"தி கலெக்ஷன் ஆஃப் ஓல்ட் மேப்ஸ்" என்று தொடங்குகிறது ஒரு வாக்கியம். அடுத்து வர வேண்டியது வாஸ் சோல்டா, வேர் சோல்டா? எழுவாய் கலெக்ஷன், ஒருமை, ஆகவே வாஸ். வேர் போட்ட பையனைச் சற்று நேரம் கழித்து அந்த வாக்கியத்தை நினைவிலிருந்து சொல்லச் சொன்னேன். "தி ஓல்ட் மேப்ஸ் வேர் சோல்ட்" என்றான், கொஞ்சமும் தயங்காமல். கலெக்ஷன் காணாமல் போய்விட்டது. அவன் மனதில் பதிந்திருந்தது அவனுடைய விடைக்குப் பொருந்தும் வாக்கியம். தேர்வு முடிந்து வரும் சண்டைகளில் பாதி இப்படித்தான் என்பது என் எண்ணம். இருவரும் ஒரே கேள்வியைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறார்கள். ஆளுக்கொரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

தமிழ்ப் பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "மாடு வந்தது", "மாடு வந்தன" இரண்டுமே நம் இலக்கணத்துக்குச் சம்மதம். பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. பேச்சிலோ "மரங்கள் இருக்கிறது" என்பதே வழக்கம். அஃறிணையில் ஒருமை பன்மையைக் காது அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆங்கிலத் தேர்வு அந்த இடத்தையே குறிபார்க்கிறது.

ஆனால் தமிழ் கைகொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. "வாக்கிங் டவுன் தி ரோட், தி ரெயின் பிகேன்" என்ற வாக்கியத்தில் என்ன பிழை என்று கேட்டால் விழிப்பார்கள். "சாலையில் நடந்து மழை பெய்தது" என்று சொன்னால் உடனே சிரிக்கிறார்கள். நடந்து என்ற எச்சத்துக்கும் பெய்தது என்ற முற்றுக்கும் வினைமுதல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. வாய் பழகியதிலேயே அது வந்துவிட்டது. "நடக்கையில் மழை பெய்தது" என்று தாங்களே திருத்திவிடுகிறார்கள்.

இப்போதைய கணினித் தேர்வில் ஒப்பிடுவதே முன்பைவிடக் கடினம். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 27 கேள்விகள் கொண்ட இரண்டு தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 32 நிமிடம். முதல் தொகுதியை எப்படிச் செய்தோம் என்பதைப் பொறுத்து இரண்டாவது எளிதாகவோ கடினமாகவோ வரும். பக்கத்து இருக்கைக்காரருக்கு வந்த கேள்வி நமக்கு வந்திருக்க வேண்டும் என்பதே இல்லை. ஒவ்வொரு தொகுதியிலும் மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகள் இரண்டு கலந்திருக்கும், எவை என்று தெரியாது. இரவெல்லாம் ஒரு பிள்ளையைத் தூங்கவிடாத கேள்வி அவற்றில் ஒன்றாகக்கூட இருக்கலாம்.

அதிகம் சண்டை நடப்பது நிறுத்தற்குறிகளில்தான். "தி ரிவர் ரோஸ்" ஒரு வாக்கியம், "தி பிரிட்ஜ் ஹெல்ட்" இன்னொரு வாக்கியம். நடுவே ஹவ்எவர் வருகிறது. அதற்கு முன்னால் காற்புள்ளியா, அரைப்புள்ளியா? முதலில் சொன்னேனே, அப்படிச் சண்டையிட்ட மூன்று பேரையும் காரணத்தை எழுதச் சொன்னேன். காற்புள்ளி போட்டவர்களில் ஒருவன் "படிக்கும்போது அங்கே மூச்சு நின்றது" என்று எழுதினான். இன்னொருவன் "பட் வந்தால் காற்புள்ளி, ஹவ்எவரும் அதே பொருள்தானே" என்று எழுதினான். நல்ல யோசனைதான், ஆனாலும் தவறு: பட் இணைப்புச்சொல், ஹவ்எவர் வினையடை, முழு வாக்கியங்கள் இரண்டைக் கட்டிவைக்கும் வலு அதற்குக் கிடையாது. அந்தப் பெண் மட்டும் இரண்டு எழுவாயையும் இரண்டு பயனிலையையும் அடிக்கோடிட்டு, "இரண்டும் தனியே நிற்கும், அதனால் அரைப்புள்ளி" என்று எழுதியிருந்தாள். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவள்தான் வெளியே நின்றபோது இரண்டு பேர் பி என்றதும் வாயைத் திறக்கவில்லை!

இவளைப் போன்றவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2002 அக்டோபரில் நடந்த பிஎஸ்ஏடி தேர்வில் (எஸ்ஏடிக்கு முன்னோட்டமாக எழுதுவது), எழுத்தாளர் டோனி மாரிசனைப் பற்றிய வாக்கியம் ஒன்றைக் கொடுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். "டோனி மாரிசன்ஸ் ஜீனியஸ் எனேபிள்ஸ் ஹெர்" என்று தொடங்கும் அந்த வாக்கியத்தில் பிழையே இல்லை என்பது அதிகாரபூர்வ விடை. மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் அதை ஏற்கவில்லை. ஹெர் யாரைச் சுட்டுகிறது? வாக்கியத்தில் மாரிசன் என்ற பெயர் தனியாக இல்லை, "மாரிசனுடைய" என்று ஆறாம் வேற்றுமையில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட பெயரைச் சுட்டுப்பெயர் குறிக்கக் கூடாது என்று சில இலக்கண நூல்கள் சொல்கின்றன என்று எழுதினார். தேர்வு நடத்தியவர்கள் முதலில் மறுத்தார்கள். அவர் விடவில்லை. 2003ஆம் ஆண்டு அந்தக் கேள்வியை மதிப்பீட்டிலிருந்து நீக்கி மதிப்பெண்களைத் திரும்பக் கணக்கிட்டார்கள்.

அந்த ஆசிரியர் சொன்ன விதியை நான் ஏற்கவில்லை. நல்ல எழுத்தாளர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், படிப்பவருக்கு ஒரு குழப்பமும் வருவதில்லை. நம் இலக்கணத்தில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது: வழாநிலை (பிழையில்லாதது), வழு (பிழை) இரண்டோடு நிற்காமல் வழுவமைதி என்று மூன்றாவதாக ஒன்று. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்றால் திணை தவறியதுதான், ஆனால் உவப்பினால் வந்தது, ஆகவே தகும் என்று காரணம் காட்டி ஏற்றுக்கொள்வார்கள். நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வில் இந்த மூன்றாவதற்கு வழியில்லை என்பது எனக்கு உண்மையாகவே குறைதான்.

மாரிசன் வாக்கியத்தை ஒவ்வொரு புதிய வகுப்புக்கும் கொடுக்கிறேன். யாரும் பி, சி என்று விடையின் எழுத்தை மட்டும் சொல்லக் கூடாது, காரணத்தை எழுதிக் கொடுத்த பிறகே பேச்சு. போன முறை வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பிழை இல்லை என்றவர்கள் பக்கம் பேச எழுந்தவள் அந்த அரைப்புள்ளிப் பெண். மணி அடித்த பிறகும் அவள் உட்காரவில்லை.