கழுத்து வலிக்க ஒரு படக்கதை

கும்பகோணத்தில் ஒரு பழைய புத்தகக் கடை. போன சனிக்கிழமை சாயங்காலம் கடைக்காரர் மேஜையைத் தெருவோரம் இழுத்துப் போட்டு, காமிக்ஸ் வாசகர்களை வரச் சொல்லியிருந்தார். பதினைந்து பேர் சேர்ந்தோம். பையன்கள் இரண்டே பேர், மற்றவர்களெல்லாம் நரைத்த தலை. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தபோது காசு சேர்த்து வாங்கியவர்களும் அதில் உண்டு. நான் அட்டை கிழிந்த டெக்ஸ் வில்லர் ஒன்றைக் கொடுத்து, அட்டை இருந்தும் நடுப்பக்கம் இல்லாத இன்னொன்றை வாங்கினேன். லாபமா நஷ்டமா, இன்னும் புரியவில்லை.

உண்மையில் நான் போனது நண்பன் வரைந்த பக்கங்களைப் பார்க்க. பத்திரிகைகளுக்குப் படம் போடுபவன், ஊர் மன்னார்குடிப் பக்கம். இரண்டு வருடமாக ஒரே கதையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்: மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டிக் கடைமடைக்கு வந்து சேர்வது. வசனமே கிடையாது. கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவன். அங்கேயே படித்த கோபுலுவின் வசனமில்லா நகைச்சுவைப் படங்கள் மேல் அவனுக்குப் பைத்தியம். காய்ந்த மதகுக்கடியில் தண்ணீருக்கு முன்னால் நுரையும் சருகும் உருண்டு வருகிற பக்கத்தை நான் மூன்று தடவை பார்த்தேன். ஆனால் மூன்றாம் பக்கத்து லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடும் பாசன ஊழியர், பத்தாம் பக்கத்தில் வேறு ஆளாகத் தெரிந்தார். சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “சரிடா, காலைல ஆரூர் போவோம்” என்றான்.

குடவாசல் வழியாக பஸ். திருவாரூர் தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தி கதை, சுமார் 300 வருடத்துக்கு முந்தைய ஓவியம். நின்று பார்த்தால் கழுத்து போய்விடும். கல்தரையில் துண்டை விரித்து மல்லாந்தோம். வரிசை வரிசையாகக் காட்சிகள். என்ன நடக்கிறது என்று தமிழில் எழுதியும் இருக்கிறது. யானை, குதிரை, வாத்தியக்காரர் என்று எத்தனை கூட்டமிருந்தாலும் முசுகுந்தனைத் தேட வேண்டியதில்லை. அவருக்குக் குரங்கு முகம். இங்கே இருக்கிறார், அங்கே இருக்கிறார், கதை நகர்ந்துவிட்டது. சில இடங்களில் பூச்சு உதிர்ந்து காட்சியே இல்லை, என் நடுப்பக்கம் போன இதழ் மாதிரி.

முசுகுந்தன் இந்திரனிடம் இருந்த தியாகராஜர் திருவுருவத்தைக் கேட்டார். கொடுக்க மனமில்லாத இந்திரன், அச்சு அசலாக ஆறு செய்து அசலோடு வைத்து, எது என்று சொல்லச் சொன்னான். சரியாகச் சொன்னதும் ஏழையுமே கொடுத்துவிட்டான். அவை இருக்கிற கோயில்கள்தான் டெல்டாவின் ஏழு விடங்கத் தலங்கள்.

“அவனவன் அச்சு அசலா ஆறு பண்ணியிருக்கான். நான் ஒரு லஸ்கரை ரெண்டு தடவை ஒழுங்காப் போடல” என்றான் நண்பன்.

அப்புறம் கை நீட்டிக் காட்டினான். இதை வரைந்த சிங்காதனம் தன்னையும் வரைந்து, கூடவே தன் நாயையும் சேர்த்திருக்கிறார். நண்பன் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

திரும்பும்போது பஸ் குலுக்கலிலேயே நோட்டில் கிறுக்கினான். லஸ்கரின் கக்கத்தில் கம்பி ஒடிந்த குடை ஒன்று ஏறியிருந்தது. ஓரத்தில் ஒரு நாய்.

“நாய் லஸ்கரோடதா?”

“இல்ல, என்னோடது. கடைசிக் கட்டத்துக்கு.”