முகாம் முடிந்த இரவு

ஏழு நாள் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) சிறப்பு முகாம் முடிந்து இப்போதுதான் வீடு வந்தேன். முதுகு வலி தனிக்கதை.

மாணவர்களை வழிநடத்தும் திட்ட அலுவலர் நான். அப்படியென்றால் என்னதான் வேலை என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். ஏட்டில் எளிது. 1969 செப்டம்பர் 24-இல் தொடங்கிய திட்டம். ஒரு யூனிட்டுக்கு 100 மாணவர்கள், ஆளுக்கு இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை, அப்புறம் தத்தெடுத்த கிராமத்தில் முகாம்.

நிஜத்தில் பாதி வேலை வாயை மூடிக்கொண்டு இருப்பது. மூன்றாம் நாள் குளக்கரையில் சீமைக்கருவேலம் வெட்டுவதாக நான் திட்டம் போட்டிருந்தேன். பிள்ளைகள் கூடிப் பேசிவிட்டு வந்தார்கள். "மேடம், ரேஷன் கார்டுல பேர் சேர்க்காத குழந்தைங்க நிறைய இருக்காங்க. வீடு வீடாப் போய் மனு எழுதித் தர்றோமே?"

சுருக்கென்றது. கருவேலம் வெட்டினால் போட்டோ நன்றாக வரும், அறிக்கைக்கும் ஆகும் (ஆமாம், இதையும் யோசிப்போம்). சரி, போங்கள் என்றேன். பொழுது சாயும்போது கட்டுக்கட்டாக மனுக்கள். என் பேச்சைக் கேட்டிருந்தால் குளக்கரையில் நாலு மரம் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

மீதிப் பாதி வவுச்சர். காய்கறிக் கடைக்காரர் காலண்டர் தாளில் எழுதித் தந்த கணக்கைத் தணிக்கையில் எப்படிக் காட்டுவது? இதற்கு நடுவே ராத்திரி பத்து மணிக்கு அம்மாக்களின் போன்: "பொண்ணு சாப்பிட்டாளா மேடம்?" பெண்கள் படுத்திருந்த வகுப்பறை வாசலில்தான் எனக்கும் பாய்.

பையைப் பிரித்தால் யாருடையதோ ஒரு சார்ஜர். குரூப்பில் படம் போட்டேன். இதுவரை மூன்று பேர் தன்னுடையது என்கிறார்கள்.