சண்டைக்குள் சமையலும் இருந்தது

கனடாவுக்கு வந்த புதிதில் எல்லோரும் என்னிடம் கேட்டது குண்டுவீச்சைப் பற்றித்தான். ஆங்கில வகுப்பு ஆசிரியை, வேலைத்தலத்தில் கூட நின்றவர்கள், பிறகு இங்கே பிறந்த என் பிள்ளைகள். கேட்பதில் பிழையில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் மண்ணெண்ணெய்தான் ஞாபகம் வரும். குண்டு விழுந்த நாட்களைவிட விழாத நாட்கள் கூட. அந்த நாட்களிலும் விளக்கெரிய வேண்டும், உடுப்புத் தோய்க்க வேண்டும், பரீட்சைக்குப் படிக்க வேண்டும்.

1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று அரசாங்கம் தடை போட்டது. கிடைத்த மண்ணெண்ணெய் ஆனை விலை. அப்படித்தான் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. போத்தலின் அடியில் பஞ்சை அடைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, பழைய சைக்கிள் வால்வுக்குள்ளால் நூல்திரியைக் கோத்து உள்ளே வைப்போம். காற்றுக்கு அணையாது, கொஞ்ச எண்ணெயில் நெடுநேரம் எரியும். அந்த வெளிச்சத்தில் படித்து ஓ.எல். பரீட்சை எழுதிய தலைமுறை எங்களுடையது.

ரேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ. சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். பிபிசி தமிழோசை நேரத்துக்கு அயலட்டை முழுக்க எங்கள் முற்றத்தில் கூடிவிடும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேயும். உடனே, "தம்பி, விடாதை, விடாதை!" என்று நாலு பக்கத்தாலும் சத்தம் வரும்.

முற்றத்தின் மூலையில் 'ட' வடிவில் பங்கர். மேலே தென்னங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. சின்னப் பிள்ளைகளுக்கே சத்தத்தை வைத்து வருகிற விமானம் அவ்ரோவா, சியாமா செட்டியா, சகடையா, ஹெலியா என்று தெரியும். எது வந்தால் அந்தக் கணமே ஓட வேண்டும், எது வந்தால் உலையை இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று அம்மா ஒரு கணக்கு வைத்திருந்தா. அந்தக் கணக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எங்கள் வாழ்க்கை பெரும்பாலும் அதில்தான் போனது. கையிலும் காதிலும் ஊறிப்போன அந்தப் பழக்கங்கள் என்னோடு கனடாவுக்கும் வந்தன.

1999 இல் ரொறன்ரோ, சென். ஜேம்ஸ் ரவுணில் அக்கா வீட்டில் இருந்தேன். குடிவரவுப் படிவத்தை நிரப்ப இரண்டு பேரும் குசினி மேசையில் உட்கார்ந்தோம். கடந்த 10 வருடத்தில் இருந்த முகவரிகள் எல்லாம் வேண்டும், ஒரு மாதமும் இடையில் விடுபடக்கூடாது. 1995 ஒக்ரோபர் 30 வரை ஒரே வீடு, பிரச்சினை இல்லை. அன்றைக்கு, இராணுவம் நெருங்கி வர, யாழ் நகரும் சேர்ந்த வலிகாமம் பகுதி முழுக்க வெளிக்கிட வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கான சனம் மழைக்குள் கிழக்குப் பக்கம் இருக்கிற தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டவே எங்களுக்கு விடிந்துவிட்டது. அப்புறம் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடம், மீசாலையில் ஒரு மாமரத்தடி, அங்கிருந்து ஒரு வீட்டு விறாந்தை. 1996 ஏப்ரலில் திரும்பிப் போனபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. கடைசியில் கொழும்பு லொட்ஜ்.

"மாமரத்துக்குக் கீழ இருந்தனாங்கள், அதுக்கு என்ன எழுதுறது அக்கா?"

"காணிக்காரற்ற பேர் தெரியுமே?"

தெரியாது. கிணற்றில் அள்ளவிட்டார், ராத்திரியில் அம்மாவுக்குப் படுக்கப் பாய் கொண்டுவந்து தந்தார். நாங்கள் பேர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 'மீசாலை' என்று மட்டும் எழுதினோம். அந்த மனிசனின் பெயரை அறியாமலே வந்துவிட்டோம் என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

1996க்குப் பிறகு ஊரில் இராணுவத்தின் சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு. ஐசி, அதாவது அடையாள அட்டை, இல்லாமல் படலை தாண்டுவதில்லை. அந்தப் பழக்கத்தில் இங்கே குப்பை போடக் கீழே இறங்கவும் சட்டைப் பைக்குள் அடையாள அட்டை இருக்கும். கட்டிலுக்குக் கீழே அரிசி மூட்டையும் சவர்க்காரமும் அடுக்கியிருந்தேன். அக்கா ஒரு நாளும் அதை எடு என்று சொன்னதில்லை. அவவின் அலுமாரிக்குள்ளும் அதேதான்.

2003 ஓகஸ்ட் 14 பின்னேரம், நாலு மணி கழிந்த கையோடு, ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் மின்சாரம் போனது. ஏறத்தாழ 5 கோடிப் பேருக்குக் கரண்ட் இல்லை. அப்போது ஸ்காபரோவில் ஒரு மாடிக் குடியிருப்புக்கு மாறியிருந்தேன். லைற் அணைந்ததும் நேரே போய்க் குளியல் தொட்டியை நிரப்பினேன். பம்ப் நின்றால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது. கதவைத் திறந்தால், எதிர்வீட்டு ஆப்கானிஸ்தான் பெண்ணும் வாளியோடு நிற்கிறா, அவவும் நிரப்பி முடித்துவிட்டா. கிளாசில் தேங்காயெண்ணெயும் பஞ்சுத்திரியும் போட்டு நடைபாதையில் வைத்தோம். தனியாக இருந்த வயதான அம்மா ஒருவருக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோனோம். மற்றவர்கள் திகைத்து நின்ற அந்த ராத்திரியில் எங்கள் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரிந்திருந்தது. இந்த நாட்டில் எனக்கும் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக உணர்ந்தேன்.

விமானச் சத்தம் மட்டும் லேசில் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் தொழிலாளர் தின வார இறுதியில், ஒன்ராறியோ ஏரிக்கு மேலே விமானக் கண்காட்சி நடக்கும். ஒத்திகைக்கென்று முன்னதாகவே ஜெட்கள் வந்துவிடும். முதல் வருடம் எனக்கு யாரும் சொல்லவில்லை. சத்தம் கேட்டதும் அக்காவின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினேன். அங்கே ஏற்கனவே ஒரு சோமாலியப் பெண்ணும், எங்கட தமிழ்ப் பெடியன் ஒருவனும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். மூன்று பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

சண்டைக்குள்ளிருந்து வந்த இத்தனை பேர் வாழும் நகரத்துக்கு மேலே போர்விமானம் பறப்பது கேளிக்கையாக இருக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அது நிற்கும்வரை, முன்கூட்டியே சொல்வதையாவது நாங்கள் செய்யலாம். 2022க்குப் பிறகு எங்கள் கட்டடத்துக்கு உக்ரைன் குடும்பங்களும் வந்திருக்கின்றன. ஓகஸ்ட் கடைசியில் லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டுகிறேன்: எந்த நாட்களில் விமானம் வரும், எத்தனை மணிக்கு, எப்போது முடியும். தமிழும் ஆங்கிலமும் நான் எழுதுவேன். மற்ற மொழிகளை அயலவர்கள் எழுதித் தருவார்கள். இந்த வருடம் கனடா தினப் பட்டாசுக்கும் யூன் மாதமே ஒன்று ஒட்டினோம். அதைக் கேட்டு வந்தவர் புதிதாகக் குடிவந்த ஒரு தகப்பன்.